கூடினால் என்ன குறை

அக்காவின் கணவர் ஊற்றித் தரும் தேநீரைச் சோசரையும் சேர்த்துப் பிடித்துத்தான் வாங்க வேண்டும். கோப்பை நிறைந்து வழிந்து, சோசரும் ததும்பிய பிறகுதான் கேத்திலை நிமிர்த்துவார். யாராவது சட்டையைத் துடைத்துக்கொண்டால் அவருக்குச் சிரிப்பு வரும்.

“குறைஞ்சாத்தானே குறை. கூடினா என்ன குறை?”

கலியாண வீட்டில் பந்தி பரிமாறும்போதும் அதையே சொல்வார். மதில் கட்டிய மேசன் தடுக்கத் தடுக்கச் சீமெந்தை அள்ளிக் கொட்டியபோதும் அதையே சொன்னார். அந்த மதில் அடுத்த வெயிலுக்கே மயிரிழை மயிரிழையாக வெடித்தது. வெடிப்பின் மேல் இன்னொரு பூச்சுப் பூசினார்.

எனக்கு அவர் அத்தான். எங்கள் வீடும் அதே ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெருவில்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. ‘வேளைக்கு ஒண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாய் பழகியவள் நான். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது குளிசை கொண்டுபோய்க் கொடுத்து, உறையிலும் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் உறை வெறுமையாகக் கிடந்தது. உறையை அவர் முன்னால் நீட்டினேன்.

“என்ன அத்தான் செய்தனீங்கள்?”

“ஒண்டு போட்டா வருத்தம் யோசிக்கும் பிள்ளை. மூண்டு நாலு போட்டாத்தான் பயந்து ஓடும்.”

காய்ச்சல் ஓடித்தான் போயிற்று. அவர் தெம்பாக எழுந்து தோட்டத்துக்குப் போனார். அதனால் அவருக்கு எதையும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் ஒருநாள் கேட்டேன். சண்டைக் காலத்தில் அவர் சிறுபிள்ளை. இடம்பெயர்ந்து போன இடத்தில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்பாராம். கொத்து என்ற அளவுப் பாத்திரத்தில் அரிசியை அள்ளி, மேலே கும்பமாக நிற்பதை அளக்கிறவன் உள்ளங்கையால் வழித்துத் தள்ளிவிடுவானாம். “அந்த வழிக்கிற கையைத்தான் இண்டைக்கும் கனவிலை காணுறாராம்” என்றாள் அக்கா. அதைக் கேட்ட பிறகு, சோசரில் வழிந்த தேநீரை நான் முகம் சுளிக்காமல் குடித்தேன்.

அவருடைய உயிர் முந்திரிகைத் தோட்டத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம். தகப்பன் நட்ட தோட்டம் அது. சண்டையில் பந்தல் விழுந்து கொடி பட்டுப்போக, திரும்பி வந்து அதே சிவந்த செம்பாட்டு மண்ணில் சீமெந்துத் தூண் நட்டு, கம்பி இழுத்து, மறுபடியும் கொடி ஏற்றினார். ஒரு தூணுக்குப் போதுமான இடத்தில் இரண்டு தூண். பழம் பழுக்கும் காலத்தில் அந்தப் பந்தலுக்குக் கீழே போனால் வெயில் பச்சையாக இறங்கும். குலைகள் தலையில் முட்டும். யார் வந்தாலும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். பை நிறையும்வரை வெட்டுவார். பை நிறைந்தால் தன் தோளில் கிடக்கும் துவாயை விரிப்பார்.

முந்திரிகைக்கு எதிரி பூஞ்சணம். மாரி மழையும் பனியும் சேர்ந்தால் இலையில் எண்ணெய்ப் புள்ளிபோல ஒன்று விழும். அடிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். பிறகு முழுக் கொடியும் கருகும். அதற்குத் துருசு என்ற நீலக் கட்டியைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புப் பாலோடு கலந்து அடிப்பார்கள். துருசு செம்பிலிருந்து வருவது. அவருடைய தகப்பன் ஒரு தகரப் பேணி வைத்து அளந்து போடுவாராம். அத்தானுக்குக் கண்தான் அளவு. பீப்பாய்க்குள் தடியால் கலக்கிக் கலக்கி, மயில் கழுத்து நிறம் வரும்வரை கட்டியை உடைத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். மீதிக் கலவையைப் பீப்பாயடியிலேயே ஊற்றிவிடுவார்.

“புள்ளி கண்டபிறகு அடிக்கிறவன் மடையன். புள்ளி வர முதல் அடிக்கவேணும்” என்பார்.

மழை பெய்தால் ‘கழுவிப்போட்டுது’ என்று அடிப்பார். மழை வரும்போல இருட்டினால், வர முதல் ஒன்று அடிப்பார். பக்கத்துத் தோட்டக்காரன் கொடியில் புள்ளி விழுந்தது என்று கேள்விப்பட்டால் அன்றே மருந்தடிக்கும் மெசினை முதுகில் மாட்டுவார். அவருடைய தூண்கள் நீலம். கம்பி நீலம். செருப்பு நீலம். விரல் நகக்கண்ணில் ஏறிய நீலம் சவர்க்காரத்துக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் வெள்ளைச் சாறமும் வெள்ளைச் சேட்டுமாக நின்று பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும்போது, அந்த விரல்கள் மட்டும் வேறு யாருடையவோபோல இருக்கும். சபையின் அறுவடைத் திருநாளுக்கு முதற்குலை அவருடையதுதான். கழுவாமல் ஒரு பழத்தை வாயில் போட்டால் நாக்கில் செம்புக் குடத்தின் விளிம்பை நக்கியது போல ஒன்று நிற்கும். “அது மருந்து வாசம். வயித்துப் பூச்சிக்கு நல்லது” என்று பிள்ளைகளுக்கு இன்னொரு கைப்பிடி கொடுப்பார்.

மழை கழுவினது எங்கே போனது என்று எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

முதலில் கண்டது அக்காதான். பந்தலுக்குக் கீழே வெளிச்சம் விழும் இடங்களில் அவள் முளைக்கீரை போடுவது வழக்கம். ஒரு வருடம் கீரை விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பிடுங்கிப் பார்த்தால் வேர் தீயில் காட்டி எடுத்ததுபோலக் கறுத்து, கட்டையாக இருந்தது.

“மண்வெட்டியாலை கொத்திப் பார்த்தன் தங்கச்சி” என்றாள் அக்கா. “ஒரு மண்புழு இல்லை. முந்தி ஒரு கொத்துக்கு நாலைஞ்சு நெளியும். இப்ப ஒண்டுமில்லை. செத்ததும் இல்லை.”

செத்ததும் இல்லை என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தான் கேட்டுவிட்டு, “மண் களைச்சுப்போச்சு. சாப்பாடு குடுக்கவேணும்” என்றார். வண்டில் வண்டிலாக எரு வந்து இறங்கியது. கீரை அப்படியேதான் நின்றது. பட்டுப்போன கொடிகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் துளிர்விட்டு, மஞ்சளாகி, அடங்கிப் போயின. ஆழத்தில் வேரிறக்கிய பழைய கொடிகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் காய்த்தன. கன்றுகளுக்கு நோய் என்று முடிவு கட்டி, தனக்குத் தெரிந்த மருந்தையே இன்னும் கூட்டி அடித்தார்.

ஒழுங்கைக்கு அங்கால் பூமணியக்காவின் வீடும் வளவும். புருசன் செத்த பிறகு செம்மறி வளர்த்துச் சீவிக்கிறவர். ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் உண்டு. கொடி வெட்டி இலையும் குழையும் குவியும் காலத்தில் அத்தான் வேலியால் குரல் கொடுப்பார்.

“பூமணி, சாக்கைக் கொண்டா. குழை கிடக்கு, புல்லுக் கிடக்கு.”

“ஒரு சாக்குக் காணும் அண்ணை, போதும்.”

“என்ன காணும்? வாயில்லாச் சீவன்கள். மூண்டு கட்டு.”

மூன்று சாக்கையும் அவரே தோளில் போட்டுக்கொண்டுபோய்ப் பட்டிக்குள் கொட்டுவார். ஆடுகள் அவர் குரல் கேட்டாலே வேலிக் கதவான படலைக்கு ஓடிவரும். நீலம் பூத்த இலைகளை அவை நொறுநொறுவென்று தின்னும் சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்கும். அந்த வருடம் ஊரில் அத்தனை கொழுத்த செம்மறி வேறு யாரிடமும் இல்லை.

மாரி தொடங்கி ஒரு பெரிய இடிமழைக்கு அடுத்த நாள், பூமணியக்காவின் மூத்த மறி ஆடு பட்டியின் மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கண்ணின் வெள்ளை மஞ்சள் பூசியதுபோல இருந்தது. பெய்த மூத்திரம் பால் விடாத கறுத்த பிளேன்ரீபோல. மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டது.

“புடையன்தான்” என்றார்கள் வந்து பார்த்தவர்கள். புடையன் பாம்பு தீண்டினால் இரத்தமாகப் பெய்யும். வேலியோரப் பற்றையெல்லாம் வெட்டிக் கொளுத்தினார்கள். பாம்பு அகப்படவில்லை.

பூமணியக்கா அழுத அழுகையை அத்தானால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளே தொண்டைமானாற்றுப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் போய், லான்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரப் பெட்டியில் இரண்டு இளம் மறிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

“ஒண்டுக்கு ரெண்டு. கண்ணைத் துடை. நல்லாத் தின்னக் குடு, என்ன?”

பூமணியக்கா கையெடுத்துக் கும்பிட்டார். ஊருக்கு வந்து பழகும்வரை என்று அந்த இரண்டுக்கும் தனியாகக் குழைக்கட்டுப் போயிற்று.

அடுத்த முறை கொடி வெட்டி முடிந்து கொஞ்ச நாளில், மூன்று ஆடுகள் அடுத்தடுத்து விழுந்தன. அதே மஞ்சள் கண், அதே கறுத்த மூத்திரம். தொண்டைமானாற்று மறிகள் இரண்டும் அதில் போயின. இப்போது யாரும் பாம்பு என்று சொல்லவில்லை. ‘ஆரோ என்னவோ வைக்கிறாங்கள்’ என்று பேச்சுக் கிளம்பியது. பூமணியக்காவுக்கும் அவருடைய பின்வளவுக்காரருக்கும் எல்லை வேலித் தகராறு ஒன்று இருந்தது. அவர் பெயர் அடிபட்டது. வாய்ப்பேச்சு முற்றி, பின்வளவுக்காரரின் மனைவி ஒழுங்கையில் மண்ணள்ளித் தூற்றிவிட்டுப் போனாள். இருட்டுப்பட முதல் படலைகளைச் சாத்திக்கொள்ளும் ஒழுங்கையாக எங்கள் ஒழுங்கை மாறியது.

ஐந்தாவது ஆடு விழுந்தபோது நான்தான் மிருக வைத்தியரைக் கூட்டி வந்தேன். இளம் பெண்பிள்ளை, மெலிந்தவள். வேப்பமரத்தின் கீழ் சாக்கை விரித்து, கையுறை போட்டு, ஆட்டைக் கீறினாள். அத்தானும் வந்து நின்றார். ஈரல் தோடம்பழ மஞ்சளாக இருந்தது. அவள் சிறுநீரகத்தை வெளியே எடுத்தபோது நாங்கள் எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம். சிவப்பாக இருக்கவேண்டியது கறுநீலமாக இருந்தது.

“என்ன தின்னக் குடுக்கிறனீங்கள் அம்மா?”

பூமணியக்கா பட்டிக்குள் கிடந்த குழையைக் காட்டினார். டொக்டர் ஓர் இலையை எடுத்து வெயிலில் பிடித்தாள். பெருவிரலால் தேய்த்தாள். விரலில் நீலமாய் ஒட்டியது. விரலை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“செம்மறிக்குச் செம்பு ஆகாது” என்றாள். “வேறை மிருகங்கள் ஓரளவுக்குத் தாங்கும். இது தாங்காது. தின்னுற செம்பையெல்லாம் ஈரல் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்து வைக்கும். மாதக்கணக்கா ஒண்டும் தெரியாது, ஆடு கொழுகொழுவெண்டு நிக்கும். பிறகு ஒருநாள் மழையோ, இடியோ, ஒரு பயமோ வந்தாக் காணும். சேர்த்து வைச்சதெல்லாத்தையும் ஈரல் ஒரேயடியா இரத்தத்துக்குள்ளை விட்டிடும்.”

“மிச்ச ஆடுகள்?” என்று கேட்டேன்.

“இண்டையிலிருந்து இந்தக் குழையும் வேண்டாம், அந்தத் தோட்டத்துப் புல்லும் வேண்டாம். ஆனா உள்ளுக்கை எவ்வளவு சேர்ந்து கிடக்கெண்டு பார்த்துச் சொல்லேலாது.”

அத்தான் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். “நான் கொடிக்குத்தானே அடிச்சனான்” என்றார். “ஆட்டுக்கில்லையே. கொடிக்குத்தானே.”

பூமணியக்கா கத்தவில்லை, அழவுமில்லை. கீறிக் கிடந்த ஆட்டின் தலையைச் சாக்கின் மேல் நேராக வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்.

“நான் ஒரு சாக்குக் காணும் எண்டு சொன்னனான் அண்ணை.”

அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் அத்தானோடு கதைக்கவில்லை. மிச்ச ஆடுகளில் இரண்டு பிழைத்தன. பூமணியக்கா பின்வளவுக்காரரிடம் போய் வேலிக்கு இப்பால் நின்று, “பிழையா நினைச்சுப்போட்டன்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நானும் அத்தானும் தோட்டத்து மண்ணைப் பையில் எடுத்துக்கொண்டு, மண்ணைச் சோதித்துப் பார்க்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனோம். பலாலி வீதியால் பஸ்ஸில் போகும்போது பையை மடியில் வைத்திருந்தார், குழந்தையை வைத்திருப்பதுபோல. மண் சோதிக்கிற இடத்தில் முடிவு வர நாளெடுத்தது. மறுபடி போனபோது அங்கிருந்த உத்தியோகத்தர் எங்களை இருத்தி வைத்து ஆறுதலாகச் சொன்னார்.

“ஐயா, மற்ற மருந்துகள் காலப்போக்கிலை முறிஞ்சு போகும். செம்பு முறியாது. அது ஒரு உலோகம். தகப்பன் காலத்திலை அடிச்சதும் அங்கைதான் கிடக்கு, போன கிழமை நீங்கள் அடிச்சதும் அங்கைதான் கிடக்கு. மழை அதை மண்ணுக்கு இறக்கும், மண் பிடிச்சு வைச்சிருக்கும். இளம் வேர் முதலிலை அதுக்குள்ளைதான் இறங்கவேணும். இறங்கினாக் கருகும்.”

“எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?”

“நீங்களும் நானும் இருக்கிற காலத்துக்கு இருக்கும்.”

அத்தான் தன் நகங்களைப் பார்த்தார். “எவ்வளவு ஆழத்துக்கு?”

“கூடுதலா மேலைதான். ஒரு சாண் சொல்லலாம்.”

“அப்ப அந்த ஒரு சாணை எடுத்துவிட்டா?”

உத்தியோகத்தர் சிரித்தார். “எடுத்து எங்கை ஐயா கொண்டுபோய்ப் போடப்போறியள்?”

திரும்பி வரும்போது அத்தான் பஸ் ஜன்னலால் வெளியே வளவுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் நொந்துபோனார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வருடக் கோடையில் மண் அள்ளும் பெக்கோ மெசின் ஒன்று தோட்டத்துக்குள் இறங்கியது. அத்தான் கொடிகளை வெட்டிப் பந்தலைப் பிரித்துவிட்டு, மேல் மண்ணை வழித்துக் குவித்தார். எங்கள் பக்கத்தில் செம்பாட்டு மண் என்றால் ஆசைப்படாதவர் இல்லை. அத்திவாரம் நிரப்ப வேண்டும், கல்வளவுக்குப் பரப்ப வேண்டும், பூக்கன்றுக்கு, கறிமிளகாய்க்கு, தென்னங்கன்றுக் குழிக்கு வேண்டும். அத்தான் சும்மா தருகிறார் என்று கேள்விப்பட்டதும் லான்ட்மாஸ்ரர்கள் வரிசையில் நின்றன.

நானும் அக்காவும் அவரோடு சண்டை பிடித்தோம். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றவரை வழிமறித்துக் கேட்டேன்.

“அந்த மனிசன் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையே அத்தான்? நஞ்சையல்லே அள்ளி ஊருக்குக் குடுக்கிறியள்!”

“கத்தாதை பிள்ளை. ஒரு இடத்திலை குவிஞ்சு கிடக்கிறபடியாத்தான் அது நஞ்சு. ஒரு உப்புக்கட்டியை ஒருத்தன் தின்னேலாது. ஒரு கிடாரம் கறியிலை போட்டா ஊரே தின்னும். ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கிட்டா ஒருத்தருக்கும் நோகாது.”

“அவையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியளோ?” என்றாள் அக்கா.

“சொன்னா எடுப்பினமே?”

அதைச் சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெசினடிக்குப் போய்விட்டார்.

பூமணியக்கா மட்டும் தன் படலையில் நின்று, போகிற ஒவ்வொரு லான்ட்மாஸ்ரரையும் பார்த்துச் சத்தம் போட்டார். “உந்த மண்ணைக் கொண்டு போகாதையுங்கோ! என்ரை ஆடுகளைக் கொன்ற மண் உது!” ஓட்டிப் போனவர்கள் சிரித்தார்கள். ஆடு செத்த ஆத்திரத்தில் மனிசி வயிற்றெரிச்சல் கொட்டுது என்றார்கள். நான் சிலரிடம் நேரில் போய்ச் சொன்னேன். “அந்த மனிசன் கெட்டதைக் குடுப்பாரே?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். இத்தனை வருடம் அவர் கையால் வாங்கித் தின்ற முந்திரிகை அவர்களுக்குச் சாட்சி.

மழை தொடங்கிய காலம் அது. ஒருநாள் காலை நான் மருந்து கொடுக்கும் ஜன்னலடிக்கு ஓர் இளம் தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். மூன்று வயது இருக்கும். துவண்டு கிடந்தது. தாயின் சட்டையில் பிள்ளை வாந்தியெடுத்த சத்தி, நீலமும் பச்சையுமாக.

“மண் தின்னுற பழக்கம் இருக்கு மிஸ். வளவிலை புதுசாப் பரப்பின மண்ணுக்குள்ளை இதைக் கிண்டி எடுத்துத் தின்னுது.”

பிள்ளையின் கைக்குள் இருந்து பிடுங்கியதை அவள் காட்டினாள். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பொருக்கு. பீப்பாயடியில் ஊற்றி ஊற்றி இறுகிய பொருக்கு. பிள்ளைகளுக்குக் கற்கண்டுபோலத் தெரியும்.

டொக்டர் உடனே பிள்ளையை அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அன்று முழுவதும் நான் எந்தக் குளிசையை யாருக்குக் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே அத்தானிடம் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். பொருக்கைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியாத பொருளா அது? “எந்தப் பிள்ளை?” என்றார். சொன்னேன். “உயிரோடை இருக்கோ?”

“இருக்கு. இனித்தான் தெரியும்.”

அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. அக்கா போய் முதுகில் கைவைத்தாள். அந்தப் பெரிய மனிதர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிள்ளை தப்பியது. சில நாளில் வீட்டுக்கு வந்து ஓடித் திரிந்தது. ஆனால் அத்தான் அந்தச் சில நாளும் காத்திருக்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் தள்ளுவண்டிலையும் மண் அள்ளும் சவளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் அந்தப் பிள்ளையின் வளவுக்குப் போய், பரப்பிய மண்ணை ஒரு பொருக்கு விடாமல் வழித்து எடுத்தார். பிள்ளையின் தகப்பன் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு.

கொடுத்து மட்டுமே பழகிய மனிதர் படலை படலையாக நின்று கேட்டார். “நான் தந்த மண்ணைத் திருப்பி எடுக்கவேணும். அது கூடாத மண். குறை நினைக்காதையுங்கோ.”

யார் கொடுப்பார்கள்? பாதி மண் வீடுகளின் தரைக்குக் கீழே போய், மேலே ஓடு பதித்தாயிற்று. சிலர் தென்னங்குழிக்குள் போட்டுக் கன்று வைத்துவிட்டார்கள். சிலர் தோட்டத்து மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டார்கள். மிச்சப் பேருக்குக் கோபம். “தந்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறம்” என்றார்கள். “நிலத்தை விக்கப்போறார். மண்ணில்லாத தறையை ஆர் வாங்குவினம்? அதுதான் சேர்க்கிறார்” என்றும் கதை வந்தது. சேர்ச்சில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக விடப்பட்டது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

அவர் விடவில்லை. வெயிலோ மழையோ, ஒழுங்கையில் அந்த வண்டிலின் சில்லுக் கிரீச்சிடும். திருப்பிக் கொடுத்தவர்கள் கொடுத்ததைக் கொண்டுவந்து தோட்டத்தின் நடுவில் கொட்டினார். மேல் மண் போன தறையில் சுண்ணக்கல் எலும்புபோல வெள்ளையாக எழும்பி நின்றது. அதன் நடுவில் அந்தச் சிவப்புக் குவியல். அதைச் சுற்றி முட்கம்பி போட்டார். புல் முளைத்தால் பிடுங்கி எரித்தார், எந்த ஆடும் வாய் வைத்துவிடக் கூடாதென்று. பாதிகூடத் திரும்பி வரவில்லை.

ஒரு மத்தியானம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒழுங்கை முடக்கில் உட்கார்ந்தார். பூமணியக்காதான் முதலில் கண்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் வார்த்தை, “அண்ணை, குடியுங்கோ.” அவர் ஒரு மிடறு குடித்திருக்கிறார். பிறகு வண்டிலைக் காட்டி, “உதை உள்ளுக்கை கொண்டுபோய்க் கொட்டிவிடு பூமணி” என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது மூச்சு இல்லை. இதயம் என்றார்கள். அந்த வண்டில் மண்ணைப் பூமணியக்கா தானே தள்ளிப்போய்க் குவியலில் கொட்டினார்.

செத்த வீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. கோபித்தவர்களும் வந்தார்கள். எல்லோரும் அவர் கொடுத்ததையே பேசினார்கள்; திருப்பிக் கேட்டதை ஒருவரும் பேசவில்லை.

பிறகு அக்காவிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிழமைக்கு ஒருவராவது படலையில் நின்று எட்டிப் பார்ப்பார். “அந்த மண் சும்மாதானே கிடக்கு அக்கா, அள்ளட்டே?” அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். நானும் சொன்னேன். நஞ்சென்று பலகையில் எழுதிக் கம்பியில் தொங்கவிட்டோம். எடுத்து எங்காவது பத்திரமாகப் புதைத்துவிட முடியுமா என்று எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் நானும் அக்காவும் ஒரு கலியாணத்துக்கு வட்டுக்கோட்டைக்குப் போய், அங்கேயே தங்கி, விடிந்தபின் திரும்பி வந்தோம். தோட்டத்துப் படலை திறந்து கிடந்தது. முட்கம்பி ஒரு பக்கம் வெட்டிச் சுருட்டப்பட்டிருந்தது. குவியலில் பாதி இல்லை. வெட்டிய முகம் ஈரமாய், செக்கச்செவேலென்று இருந்தது. பெரிய டயர்த் தடங்கள் இரண்டு படலையால் வெளியே போயிருந்தன.

நாங்கள் தடத்தோடு நடந்தோம். ஒழுங்கை நீளத்துக்கும் சிந்திய மண் சிவப்புக் கோடாகக் கிடந்தது. பூமணியக்காவும் தன் படலையைத் திறந்துகொண்டு எங்களோடு வந்தார். ஒழுங்கை முடிந்து தார் ரோட்டில் ஏறியதும் கோடு மெலிந்தது. இரண்டு பக்கமும் பஸ்ஸும் லொறியும் போய்க்கொண்டிருந்தன.

“எந்தப் பக்கம் போயிருப்பாங்கள்?” என்றாள் அக்கா.

நான் ரோட்டில் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கமும் தெரியவில்லை.